குவாசரை மினுக்க வைப்பது யார்?

(கல்லூரி இயற்பியல் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு குவாசரில் தொடங்கினாலும் குவாசரில் முடியாது. பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒன்றைப் பார்க்கப் போனவர்கள், கடைசியில் நம் சூரியனின் தெருமுனையில் வந்து நின்றார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

குவாசர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே பல கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை. அதில் விழும் வாயு, விழுவதற்கு முன் ஒளிர்கிறது. சிலவற்றிலிருந்து ஒளிவேகத்தை ஒட்டிய வேகத்தில் பிளாஸ்மா தாரைகள் பீய்ச்சி அடிக்கும். ரேடியோ அலைகள் பெரும்பாலும் அந்தத் தாரைகளிலிருந்து வருபவை. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273-இன் செம்பெயர்ச்சியை 0.158 என்று அளந்தபோதுதான் இவை நம் பால்வழியைச் சேர்ந்தவை அல்ல என்று புரிந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். டேவிட் ஹீஷன் அமெரிக்காவின் தேசிய ரேடியோ வானியல் ஆய்வகத்துக்கு 1978 வரை பல ஆண்டுகள் இயக்குநராக இருந்தவர். பதவியை விட்டதும் மறுபடி ஆராய்ச்சிக்குப் போனார். நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் திரும்பவும் கருவி முன் உட்காருவது எல்லா நாட்டிலும் அபூர்வம்தான். கிரீன் பேங்கில் இருந்த முந்நூறு அடித் தொலைநோக்கியில், சுமார் ஒன்பது சென்டிமீட்டர் அலைநீளத்தில், சில ரேடியோ மூலங்களை நாள்தோறும் பொறுமையாக அளந்தார். சில மூலங்கள் நாளுக்கு நாள் ஓரிரு சதவீதம் ஏறி இறங்கின.

ஓரிரு சதவீதம்தானே, கருவியின் கோளாறாக இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பரந்து விரிந்த மூலங்கள் அசையாமல் இருந்தன. புள்ளி போலச் சிறுத்திருந்த மூலங்கள் மட்டுமே மினுக்கின. கருவியில் கோளாறு என்றால் அது ஆள் பார்த்துக் கோளாறு செய்யாது. 1984-இல் அவர் அதை வெளியிட்டார். அந்தத் தொலைநோக்கியே 1988 நவம்பரில் ஓர் இரவில் சரிந்து விழுந்துவிட்டது என்பது வேறு கதை.

ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே எஃபல்ஸ்பெர்கில் நூறு மீட்டர்த் தட்டு இருக்கிறது. அங்கே ஆர்னோ விட்சலும் அவரது குழுவினரும், ஹீஷனும் சேர்ந்து, இன்னும் நெருக்கமாக அளந்தார்கள். சில குவாசர்கள் ஒரே நாளுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் மாறின.

இதில் என்ன சிக்கல்? ஒரு பொருளின் பிரகாசம் ஒரு மணி நேரத்தில் மாற வேண்டுமானால், அதன் ஒரு பக்கத்தில் நடப்பது மறு பக்கத்துக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குள் எட்டியாக வேண்டும். ஒளியை முந்தி எந்தச் செய்தியும் போகாது. ஆகவே அந்தப் பொருளின் அகலம் ஒரு ஒளிமணியை மிஞ்ச முடியாது. ஒளிமணி என்பது 108 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து வியாழனைத் தாண்டிய தூரம், சனியை எட்டாத தூரம். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து இவ்வளவு ரேடியோ ஆற்றல் வர வேண்டுமென்றால் அந்த இடம் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? இதைப் பிரகாச வெப்பநிலை என்பார்கள். வெப்பமானியில் காட்டும் வெப்பம் இல்லை, ஆற்றலின் அடர்த்திக்கு ஒரு கணக்கு.

இந்தக் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கெல்லர்மனும் பாலினி-டாத்தும் 1969-இலேயே காட்டியிருந்தார்கள்: ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கெல்வின். அதற்கு மேல் போனால் எலெக்ட்ரான்கள் தாங்கள் வெளியிட்ட ரேடியோ கதிர்களையே மோதி, அவற்றை எக்ஸ் கதிர்களாக்கி, கையிலிருக்கும் ஆற்றலை எல்லாம் வெகு விரைவில் இழந்துவிடும். வரவை மிஞ்சிய செலவு, நிலைக்காது.

இந்தப் பின்னணியில் 1996 ஜூனைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நராப்ரையில் 22 மீட்டர்த் தட்டுகள் ஆறு கொண்ட தொலைநோக்கி அணி. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த லூசினா கெட்ஜோரா-ஹூட்செரும் அவரது குழுவினரும் அங்கே பிகேஎஸ் 0405-385 என்ற குவாசரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்குப் பாதி ஏறி இறங்கியது. குவாசரே அப்படி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் பிரகாச வெப்பநிலை ஒன்றுக்குப் பின்னால் 21 பூஜ்யம் வருகிறது. வரம்போ ஒன்றுக்குப் பின்னால் 12 பூஜ்யம். நூறு கோடி மடங்கு இடிக்கிறது!

தாரை நம்மை நோக்கிப் பாய்ந்தால் பிரகாசம் கூடித் தெரியும் என்பது உண்மை. ஆனால் இந்த நூறு கோடியை அப்படிச் சரிக்கட்ட, அந்தப் பெருக்கம் ஆயிரம் மடங்கு இருக்க வேண்டும். ஏனெனில் மாறும் வேகத்திலிருந்து போடும் கணக்கில் அது மூன்றாம் படியில் வருகிறது. நாம் கண்ட தாரைகளில் அது பத்து, முப்பது என்றுதான் இருக்கிறது. இயற்பியலை மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் குவாசர் மாறவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

குவாசர் மாறவில்லை என்றால் மாற்றுவது யார்?

விண்மீன் மினுக்கும், கோள் மினுக்காது என்று சின்ன வயதில் படித்திருப்பீர்கள். காற்றின் சலனம் இரண்டுக்கும் ஒன்றுதான். கோளுக்குத் தட்டு போன்ற பரப்பு இருப்பதால் அதன் ஒவ்வொரு புள்ளியின் மினுக்கமும் ஒன்றையொன்று அடித்துச் சமன் செய்துவிடுகிறது. ஹீஷன் கண்ட ஒழுங்கு இதுவேதான்: சிறியது மினுக்கும், பெரியது மினுக்காது. ஆனால் சென்டிமீட்டர் ரேடியோ அலையை நம் காற்று இப்படிக் கலைக்காது. கலைப்பது விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் அயனியாகிய வாயு. அதை வாயு என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. சராசரியாக முப்பது கன சென்டிமீட்டர் இடத்தைத் துழாவினால் ஓர் எலெக்ட்ரான் அகப்படும். நம் ஆய்வகங்களில் எடுக்கும் எந்த வெற்றிடத்தையும்விட வெறுமை. ஆனால் அந்த வெறுமை ஒளியாண்டுக் கணக்கில் நீண்டு கிடக்கிறது. அதில் அங்கங்கே அடர்த்தி கூடிக் குறைகிறது. ரேடியோ அலைமுகம் அதைக் கடக்கும்போது ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் வருகிறது.

கோடை மத்தியானத்தில் தெளிந்த நீருள்ள தொட்டியின் அடித்தளத்தைப் பாருங்கள். மேலே நீர் லேசாக அலைந்தால் போதும், கீழே வெயில் வலை வலையாக நெளியும். குவாசரின் ரேடியோ அலையும் அப்படி ஒரு வலையாகத்தான் சூரிய மண்டலத்தின் மேல் விழுகிறது. பூமி அந்த வலையின் ஊடே ஓடுகிறது. வெளிச்சக் கோட்டில் நிற்கும்போது குவாசர் கூடுகிறது. கோட்டைத் தாண்டியதும் குறைகிறது.

சொல்வது சுலபம், கணக்கு ஒத்துவருகிறதா? கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். அலைநீளம் ஆறு சென்டிமீட்டர், அதாவது 0.06 மீட்டர். வாயுத் திரை 33 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மீட்டரில் 3.1-ஐப் பத்தின் 17-ஆம் படியால் பெருக்கிய அளவு. இரண்டையும் பெருக்கி, 6.28-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். ஏறக்குறைய 5.4 கோடி மீட்டர் வருகிறது. 54,000 கிலோமீட்டர். இதுதான் வலையின் ஒரு கண்ணின் அளவு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். வகுத்தால் 1,800 நொடி. அரை மணி நேரம்!

மணிக்கணக்கில் மாறும் குவாசர்களுக்கு இது பொருந்துகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். திரையை நூறு மடங்கு தள்ளி, 3,300 ஒளியாண்டில் வைத்தால், வலையின் கண் பத்து மடங்கு பெரிதாகி மினுக்கம் ஐந்து மணி நேரமாகிவிடும். ஆகவே மினுக்கம் எவ்வளவு வேகமோ, வாயு அவ்வளவு பக்கம். 0405-385-க்கு முதலில் திரையை வெகு தொலைவில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். அப்போதும் வெப்பநிலை வரம்பை நன்றாகவே தாண்டி நின்றது. பிற்பாடு பார்னி ரிக்கெட் முதலியோர் திரையை எண்பது ஒளியாண்டு அளவுக்குக் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் அது தாரையின் பெருக்கத்தால் விளக்கக்கூடிய எல்லைக்கு ஏறத்தாழ இறங்கியது.

மினுக்கத்தைக் கொண்டு இடையில் இருப்பதை அறியும் இதே உத்தி நம் நீலகிரியில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை கோவிந்த் ஸ்வரூப் 1970-இல் அமைத்து முடித்தார். அந்த இடத்தின் அட்சரேகை 11 பாகை. அதே 11 பாகை சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, அந்தச் சரிவிலேயே வடக்குத் தெற்காகக் கட்டினார். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்து மூலத்தைக் கிட்டத்தட்ட ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். பணம் குறைவாக இருந்த நாட்டில் மலையையே கருவியின் பாகமாக்கிய யோசனை அது. பொறியியல் மாணவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

அங்கே அளப்பது வேறு மினுக்கம். சூரியனிலிருந்து நொடிக்கு நானூறு கிலோமீட்டர் வாக்கில் வீசும் சூரியக் காற்று உண்டாக்குவது. திரை அருகில், வேகம் அதிகம். ஆகவே நொடிக் கணக்கில் மினுக்கும். கேம்பிரிட்ஜில் மார்கரெட் கிளார்க்கின் அளவீடுகளில் இது முதலில் தலைகாட்டியது. ஆன்டனி ஹியூவிஷும் உடன் உழைத்தவர்களும் 1964-இல் அறிவித்தார்கள். இந்த மினுக்கத்தைக் கொண்டு குவாசர்களைப் பொறுக்கி எடுக்கத்தான் ஹியூவிஷ் ஒரு பெரிய ஆன்டெனா வயலை அமைத்தார். அதில்தான் 1967-இல் ஜோஸ்லின் பெல் பல்சரைக் கண்டுபிடித்தார். நொடிக்குள் மாறுவதைப் பிடிக்கக் கட்டிய கருவி, ஆகவே நொடிக்கொரு தரம் துடிப்பதும் அகப்பட்டது.

பல்சர்கள் விண்மீனிடை வாயுவாலும் மினுக்கும். ரமேஷ் பட், யஷ்வந்த் குப்தா, பிரமேஷ் ராவ் மூவரும் 1990-களில் உதகைத் தொலைநோக்கியால் பல்சர் மினுக்கத்தை நீண்ட நாள் அளந்து, சூரியனைச் சுற்றி அடர்த்தி குறைந்த ஒரு குமிழும் அதன் ஓட்டில் கலங்கிய பிளாஸ்மாவும் இருக்கின்றன என்று வாதிட்டார்கள். நம் தெருவின் வரைபடத்தில் ஒரு பகுதி உதகையில் வரையப்பட்டது.

சரி, குவாசருக்குத் திரும்புவோம். வலை என்ற கருத்துக்கு நிரூபணம் வேண்டுமே. இரண்டு சோதனைகள் வந்தன. இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை.

முதலாவது, இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பார்ப்பது. குவாசரே மாறுகிறது என்றால் அந்தச் செய்தி ஒளிவேகத்தில் வரும். பூமியை முழுக்கக் கடக்க ஒளிக்கு 0.04 நொடி போதும். வலை நகர்கிறது என்றால் அது நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வந்து சேர வேண்டும். 1998-இல் டேவிட் ஜான்சியும் அவரது குழுவினரும் நராப்ரையிலும் நியூ மெக்சிகோவின் 27 தட்டு அணியிலும் 0405-385-ஐ ஒரே சமயத்தில் பார்த்தார்கள். அந்த அமெரிக்க அணிக்கு அது தென் அடிவானத்தை ஒட்டித்தான் எழும். இரண்டுக்கும் பொதுவாகக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். கிடைத்த அந்த நேரத்தில் ஒரே மேடும் ஒரே பள்ளமும் முதலில் அமெரிக்காவிலும், சுமார் 140 நொடி கழித்து ஆஸ்திரேலியாவிலும் பதிவாயின. 0.04 நொடி அல்ல, 140 நொடி!

நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கில் ஜேன் டெனட்-தோர்ப், கெர் ட ப்ரைன் இருவரும் கண்ட ஜே1819+3845 இதைவிடத் தீவிரம். மணிக்கணக்கில் நான்கு மடங்கு வரை ஏறி இறங்கியது. வெஸ்டர்போர்க்குக்கும் நியூ மெக்சிகோவுக்கும் இடையே ஒன்றரை நிமிடத் தாமதம் இருந்ததை 2002-இல் அவர்கள் வெளியிட்டார்கள். ஹேலி பிக்னல் ஆராய்ந்த பிகேஎஸ் 1257-326-இல் தாமதம் எட்டு நிமிடம் வரை போனது.

இரண்டாவது சோதனைக்கு வேறு கருவி எதுவும் வேண்டாம், ஓராண்டுப் பொறுமை போதும். பூமி சூரியனைச் சுற்றுகிறது. வாயு ஒரு திசையில் நகர்கிறது என்றால், பூமி சில மாதம் அதோடு சேர்ந்து ஓடும், சில மாதம் எதிர்த்து ஓடும். சேர்ந்து ஓடும்போது வலை மெல்ல நகர்வது போலத் தெரிந்து மினுக்கம் மந்தமாகும். எதிர்த்து ஓடும்போது துரிதமாகும். 0917+624 என்ற குவாசரின் மினுக்கம் 1998 செப்டம்பரில் திடீரென்று மந்தமானதைப் பார்த்தவர்கள் முதலில் குவாசரில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எண்ணினார்கள். 2001-இல் ஜான்சியும் ஜான்-பியர் மக்காரும் ஒரு பக்கம், ரிக்கெட்டின் குழு ஒரு பக்கம், அது பூமியின் ஓட்டத்தால் வந்தது என்று காட்டினார்கள். ஜே1819+3845-இலும் 1257-326-இலும் இந்த ஆண்டுச் சுழற்சி வருடந்தோறும் மாதம் தவறாமல் திரும்ப வந்தது. குவாசருக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது. ஆகவே வழக்கு முடிந்தது.

முழுவதும் முடிந்ததா என்றால், ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 0716+714 என்ற மூலத்தில் ரேடியோவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கூடவே ஏறி இறங்குவதாக 1991-இல் குவிரன்பாக் முதலியோர் காட்டினார்கள். பிளாஸ்மாத் திரை ரேடியோவைக் கலைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கலைக்காது. ஆகவே சில குவாசர்கள் தாமாகவும் வேகமாக மாறுகின்றன என்று நான் நினைக்கிறேன். ஆனால் மணிக்கணக்கில் தலைகீழாக மாறும் தீவிர மூலங்களைப் பொறுத்தவரை குற்றவாளி வாயுதான்; அதில் இன்று இரண்டு கருத்து இல்லை.

இந்த மினுக்கத்தால் ஒரு லாபமும் உண்டு. நம் பஞ்சாங்கக் கணக்கிலேயே சொல்வதானால், ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நான் கரும்பலகையில் போட்ட 54,000 கிலோமீட்டர், 33 ஒளியாண்டு தூரத்தில் ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 36 பங்கு. இதைவிட மிகப் பெரியதாக இருக்கும் எதுவும் அந்த வலையில் மினுக்காது. பூமி அளவுக்குத் தட்டுகளைப் பரப்பினாலும் அதே ஆறு சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குதான் பிரித்துப் பார்க்கலாம். யாரோ விட்டுப்போன வாயு நமக்கு அதைவிட இருபது, முப்பது மடங்கு நுண்ணிய கருவியாகக் கிடைத்தது, அதுவும் செலவில்லாமல். இதைப் பயன்படுத்தி நியூ மெக்சிகோ அணியில் 2002, 2003-இல் 443 மூலங்களை நான்கு தவணைகளில் பார்த்தார்கள். பாதிக்கு மேல், 56 சதவீதம், ஒரு தவணையிலாவது மினுக்கின. செம்பெயர்ச்சி இரண்டைத் தாண்டிய மூலங்களில் மினுக்குபவை குறைந்துவிட்டன. அவற்றின் மையங்கள் அகன்று தெரிகின்றன என்று பொருள். ஏன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் என் கவனமெல்லாம் வாயுவின் மேல்தான். ஜே1819+3845 பல ஆண்டுகள் ஓயாமல் மினுக்கியது. 2006 ஜூனில் மினுக்கியதைப் பார்த்திருக்கிறார்கள்; 2007 பிப்ரவரியில் பார்த்தபோது மினுக்கம் நின்றுபோயிருந்தது. குவாசர் அணையவில்லை, அங்கேயே நிதானமாக ஒளிர்கிறது. திரைதான் விலகிப் போய்விட்டது. விண்மீனிடை வாயு எங்கும் ஒரே மாதிரி கலங்கிக் கிடக்கும் என்ற பழைய எண்ணத்துக்கு இது பெரிய அடி. கலங்கல் எங்கும் பரவியில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. அந்தத் துண்டு நகர்ந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது.

அந்தத் துண்டுகள் எவை? 2017-இல் மார்க் வாக்கரும் உடன் எழுதியவர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஜே1819+3845 வானத்தில் வேகா விண்மீனுக்குச் சில பாகை தள்ளி இருக்கிறது. நம் மரபில் அபிஜித் என்று சொல்வோமே, அதுதான். திரையின் தூரமும் நகர்வும் அபிஜித்தோடு ஒத்துப்போகின்றன. 1257-326-க்கும் அப்படி ஒரு சூடான விண்மீன் பக்கத்தில் உண்டு. பிறகு பிகேஎஸ் 1322-110 என்ற புதிய மூலம் வேகமாக மினுக்குவது தெரிந்தது. அது சித்திரை நட்சத்திரத்திலிருந்து ஒன்பது கலைக்கும் குறைவான தூரத்தில் தெரிவது. பிக்னலின் குழு ஓராண்டு அளந்து 2019-இல் அதன் ஆண்டுச் சுழற்சியை வெளியிட்டபோது, அதுவும் 250 ஒளியாண்டு தூரத்துச் சித்திரையோடு ஒத்துவந்தது. சூடான விண்மீன்களைச் சுற்றி எண்ணற்ற குளிர்ந்த வாயுக் கட்டிகள் இருக்கின்றன, விண்மீனின் புற ஊதாக் கதிர் அவற்றின் தோலை அயனியாக்கிவிடுகிறது என்பது வாக்கர் தரப்பின் வாதம். துணிச்சலான வாதம்தான். அது உண்மையானால் விண்மீன்களைச் சுற்றி நாம் இதுவரை எண்ணாமல் விட்ட பொருள் நிறைய இருக்க வேண்டும். அங்கேதான் பலர் நின்று யோசிக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

2021-இல் இன்னொரு திருப்பம். மேற்கு ஆஸ்திரேலியாவின் 36 தட்டு அணியின் பதிவுகளில், சிட்னியில் ஆய்வு மாணவியாக இருந்த யுவான்மிங் வாங்கும் குழுவினரும் வேகமாக மினுக்கும் மூலங்களைத் தேடினார்கள். அகப்பட்டவற்றில் ஐந்து, வானத்தில் ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருந்தன. ஐந்து குவாசர்கள் பேசி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்காது. அவற்றுக்கு முன்னால், சுமார் பதின்மூன்று ஒளியாண்டு தூரத்தில், ஒன்றேமுக்கால் பாகை நீளத்துக்கு ஒரு மெல்லிய பிளாஸ்மா இழை நீண்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. அதன் நிறை நிலாவின் நிறை அளவுதான். உறைந்த ஹைட்ரஜன் மேகம் ஒன்று ஏதோ ஒரு விண்மீனின் ஈர்ப்பில் இழுபட்டு நூலாகியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். எந்த ஒளிப்படத்திலும் தெரியாத அந்த இழையைக் காட்டிக்கொடுத்தது குவாசர் மினுக்கம் ஒன்றுதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அந்த 36 தட்டு அணியின் பதிவுகள் பொதுக் காப்பகத்தில் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். மினுக்கும் மூலத்தைத் தேடத் தேவையானவை ஒரே இடத்தைப் பல தடவை எடுத்த அளவுகளும், புள்ளியியலில் கொஞ்சம் தேர்ச்சியும், ஒரு சாதாரணக் கணினியும். இதுவரை நம்மிடம் சேர்ந்திருக்கும் வேக மினுக்க மூலங்கள் சொற்பமே. வாக்கர் சொல்வது சரியா தவறா என்று தீர்க்க அவை போதாது. உங்கள் முதுகலைத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்களிடம் அனுமதி கேட்பது என் பொறுப்பு. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.